ஐப்பசி மழையும் சிகாகோ குளிரும்: வீணை, வயலின், மிருதங்கம் மூன்றையும் காப்பது எப்படி

கேள்வி இது. சென்னையில் தரைத்தள வீடு; வீட்டில் ஒரு வீணை, ஒரு வயலின், ஒரு மிருதங்கம். ஐப்பசி மழை பிடித்ததும் மிருதங்கம் சுருதியில் நிற்பதில்லை. வயலின் பிரடை (தந்தியை முறுக்கும் திருகுக் குச்சி) திருகவே வரவில்லை. வீணையின் உறையில் பூஞ்சை பூத்திருக்கிறது, மேளமும் (மெழுகில் பதித்த பித்தளை மெட்டுகளின் வரிசை) விலகியிருக்கிறது. ஏசி அறையில் வைத்தால் போதுமா, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டால் போதுமா? அதோடு, தை மாதம் அந்த வீணை சிகாகோவுக்குப் போகப்போகிறது. அங்கே என்ன செய்வது?

முதலில் நேரான பதில். இரவில் மட்டும் ஓடும் ஏசி போதாது. பல வீடுகளில் அதுதான் கெடுதலே. சிலிக்கா ஜெல் வயலின் பெட்டிக்கு உதவும், வீணைப் பெட்டிக்கு ஏறத்தாழ ஒன்றும் செய்யாது. மேளம் விலகியதற்கு மழை காரணமில்லை, அது வெயிலின் வேலை. சிகாகோவில் வீணைக்கு நேரப்போவது நீங்கள் சென்னையில் பார்க்கும் எதையும்விடப் பெரிய ஆபத்து. ஆனால் முன்கூட்டியே ஏற்பாடு செய்தால் தவிர்க்கக்கூடியது.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்று. ஒவ்வொரு வாத்தியமும் ஈரத்தைக் குடிக்கும் வேகம் வேறு. மிருதங்கத் தோல் அரை மணியில் மாறிவிடும். வயலினின் மேல் பலகை மூன்று மில்லிமீட்டர் கனம்தான், அது சில மணி முதல் ஓரிரு நாளில் மாறும். பலா மரத்தில் குடைந்த வீணைக் குடம் மாற வாரக்கணக்கில் ஆகும். அதனால் தோலை வாசிக்கும் நேரத்தில் கவனிக்க வேண்டும், வயலினைப் பெட்டிக்குள் கவனிக்க வேண்டும், வீணையை அறையோடு சேர்த்துக் கவனிக்க வேண்டும். மூன்றுக்கும் ஒரே மருந்து தேடுவதால்தான் குழப்பம்.

மரம் வெட்டி நூறு வருஷம் ஆனாலும் காற்றிலுள்ள ஈரத்துக்கு ஏற்பத் தன் ஈரத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக நெடுநாள் நின்றால் மரத்தின் எடையில் சுமார் 9 சதவீதம் தண்ணீர் இருக்கும். 80 என்றால் 16. 20 என்றால் 4, 5 தான். நார் ஓடும் திசையில் மரம் நீள்வதும் சுருங்குவதும் கண்ணுக்குத் தெரியாத அளவு, குறுக்கே தெரியும். குறுக்கிலும் வருட வளையங்களை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்பக்கம் போகும் திசையில் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. வீணையின் மேல் பலகை 35 சென்டிமீட்டர் அகலம் என்று வையுங்கள். சென்னை ஈரத்தில் பழகியது சிகாகோ குளிர்காலத்தில் முழுக்கக் காய்ந்தால் அரை சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். விளிம்பு குடத்தோடு ஒட்டியிருக்கிறது, சுருங்க வழியில்லை. அப்போது ஒன்று ஒட்டு விடும், இல்லையென்றால் பலகை கீறும். மெதுவாகக் காய்ந்தால் மரம் கொஞ்சம் வளைந்து கொடுத்துச் சமாளிக்கும். வேகமாகக் காய்ந்தால் மேல்பரப்பு சுருங்க, உள்பகுதி ஈரமாகவே இருக்க, கீறல் விழும். வறட்சியைவிட வறட்சி வரும் வேகம்தான் உடைக்கிறது.

எதுவும் வாங்குமுன் ஈரப்பதம் காட்டும் ஒரு சிறு டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். ஆனால் அது காட்டும் எண்ணை அப்படியே நம்பக்கூடாது. மலிவான கருவிகள் ஐந்து, சில சமயம் பத்து புள்ளி வரை பிசகும். சரிபார்க்க ஒரு பழைய வழி இருக்கிறது. ஒரு பாட்டில் மூடியில் ஒரு தேக்கரண்டி சமையல் உப்பு, அதில் சில துளி தண்ணீர். உப்பு கரைந்துவிடாமல் ஈர மணல் மாதிரி இருக்க வேண்டும். அந்த மூடியையும் கருவியையும் காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு மூடி, வெப்பம் ஏறி இறங்காத இடத்தில் பன்னிரண்டு மணி நேரம் வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். இது உப்பின் இயல்பு. கருவி 70 காட்டினால் எப்போதும் ஐந்தைக் கூட்டிப் படியுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும்.

இனி எந்த எண்ணை நோக்கிப் போவது? வயலின் பற்றிய மேல்நாட்டுக் கையேடுகள் 45 முதல் 55 வரை என்று சொல்லும். ஐரோப்பிய வயலினுக்கு அது சரி. சென்னையிலோ தஞ்சாவூரிலோ செய்து, பல வருஷம் இங்கேயே பழகிய வீணையை 50க்கு இறக்கியே ஆக வேண்டும் என்று பாடுபடுவது வீண். அது 60, 65இல் பழகிய மரம். என் கணக்கில் சென்னை வீட்டுக்கு 55 முதல் 65 வரை நல்ல இலக்கு. 70ஐத் தாண்டி நாட்கணக்கில் நிற்கக்கூடாது, ஏனென்றால் அதற்கு மேல்தான் பூஞ்சை சுறுசுறுப்பாகிறது. 65 என்று நிலையாக நிற்கும் அறை, பகலில் 80, இரவில் 50 என்று ஆடும் அறையைவிட மேல்.

ஏசியின் தொல்லை இங்கேதான். மழைநாளில் 30 டிகிரி, 80 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி. ஏசி அதில் பாதியைத் தண்ணீராக்கி வெளியே விடும். அறை 24 டிகிரியில் 50, 55க்கு வந்துவிடும். காலையில் நிறுத்தி ஜன்னலைத் திறந்தால் ஒரு மணி நேரத்தில் பழையபடி 80. தினமும் இரண்டு முறை இந்த ஏற்ற இறக்கம். பெட்டிக்கு வெளியே இருக்கும் வயலினும் மிருதங்கத் தோலும் இதில் அவதிப்படும். கனமான வீணை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. ஏசி நாள் முழுக்க 26இல் ஓடுகிற அறை என்றால் தாராளமாக வையுங்கள், நேர்க்காற்று மட்டும் படக்கூடாது. இரவில் மட்டும் ஓடுகிற அறை என்றால் வாத்தியம் மூடிய பெட்டியில் இருக்கட்டும், அல்லது வேறு அறைக்குப் போகட்டும்.

ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்துப் போவது இன்னொரு தப்பு. மழைக்காலத்தில் சென்னைக் காற்றின் பனிநிலை, அதாவது நீராவி தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பம், 24, 25 டிகிரி. 22 டிகிரியில் குளிர்ந்திருக்கும் வாத்தியத்தை அந்தக் காற்றில் திறந்தால், குளிர்ந்த சோடா பாட்டில் வியர்ப்பது மாதிரி தந்தியும் மெட்டும் வியர்க்கும். துரு ஏறுவது பெரும்பாலும் இப்படித்தான். மார்கழிக் கச்சேரிகளில் குளிர்ந்த அரங்கத்திலிருந்து வீட்டுக்கு வந்தால் பெட்டியை உடனே திறக்காதீர்கள். முக்கால் மணி நேரம் மூடியபடியே இருக்கட்டும்.

அறையை உலர்த்த வேண்டும் என்றால் கம்ப்ரஸர் வைத்த டிஹியூமிடிஃபையர்தான் சரி. 150 சதுர அடி மூடிய அறைக்கு நாளொன்றுக்கு 10, 12 லிட்டர் எடுக்கும் திறன் போதும். இந்த அளவை 30 டிகிரி, 80 சதவீதத்தில் அளந்து சொல்வது வழக்கம். அறை உலர உலர அது எடுக்கும் தண்ணீரும் குறையும். வாங்கியது கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். அது அறையை இரண்டு மூன்று டிகிரி சூடாக்கும், அதுவும் இயல்பே. கையடக்கமாக விற்கும் சிறு கருவிகள் நாளைக்குச் சில நூறு மில்லிலிட்டர்தான் எடுக்கும். அலமாரிக்குப் பொருந்தும், அறைக்கு உதவாது.

பணம் செலவழிக்காமல் செய்யக்கூடியதும் நிறைய. தரைத்தளத்தில் ஈரம் தரையிலிருந்தும் வெளிச்சுவரிலிருந்தும் வருகிறது. வாத்தியத்தை வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். ஓரடி இடைவெளி விடுங்கள். தரையில் வைக்காமல் மரப்பலகை அல்லது மேசைமேல் வையுங்கள். துணி உலர்த்தும் அறையிலும், குளியலறைக் கதவுக்கு எதிரிலும் வேண்டாம். மழை பெய்துகொண்டிருக்கும்போது ‘காற்றோட்டத்துக்காக’ ஜன்னலைத் திறந்து வைப்பது ஈரத்தை வரவேற்பதே. மழை விட்டு வெயில் வந்த நண்பகலில் இரண்டு மணி நேரம் திறந்தால் போதும்.

இனி வயலின். மழையில் பிரடை இறுகுவதற்குக் காரணம், பிரடையும் அது நுழையும் துளையும் சேர்ந்து உப்புவதுதான். இடுக்கி போட்டுத் திருகினால் தலை முறியும், இல்லையென்றால் பிரடைப் பெட்டி பிளக்கும். எண்ணெய் விட்டால் மரம் அதைக் குடித்து, பிறகு கோடையில் பிரடை நிற்கவே நிற்காது. செய்ய வேண்டியது பொறுத்திருப்பது. வயலினை 50 சதவீதத்துக்கு உலர்த்திய அறையிலோ, புதிதாகக் காய்ச்சிய சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியிலோ இரண்டு நாள் வையுங்கள். பிறகு பிரடையின் மெல்லிய முனை வெளியே தெரிகிறதே, அதில் ஒரு மரக்குச்சியை வைத்து மெதுவாக இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திருகிப் பாருங்கள். கழன்று வந்ததும் உராயும் இடத்தில் உலர்ந்த சோப்பை ஒருமுறை தேய்த்து, அதன்மேல் சாக்பீஸைத் தேய்த்து மாட்டுங்கள். சோப்பு வழுக்கவும் சாக்பீஸ் பிடிக்கவும் செய்யும். எது எவ்வளவு என்பது உங்கள் பிரடையைப் பொறுத்தது. ஒரு சமயத்தில் ஒரு தந்தியை மட்டும் கழற்றுங்கள். நான்கையும் ஒன்றாகத் தளர்த்தினால் குதிரை (தந்திகளைத் தாங்கும் மரப்பாலம்) சாயும், உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சிறு மரக்குச்சி விழும். அதை எழுப்பி நிறுத்த வேலை தெரிந்தவர் வேண்டும்.

வில்லை வாசித்து முடித்ததும் தளர்த்துவது வெறும் சம்பிரதாயம் அல்ல. குதிரைமுடி ஈரத்தில் நீளும், வறட்சியில் குறுகும். மழைநாளில் முறுக்கி வைத்த வில்லை அப்படியே ஏசி அறையில் விட்டால் முடி சுருங்கி, குச்சியை இழுத்து வளைக்கும். முனை உடைந்ததும் உண்டு.

வயலினை ஒட்டியிருப்பது விலங்குத் தோலில் காய்ச்சிய பசை. அது மரத்தைவிடப் பலவீனமாக இருக்க வேண்டும் என்றே அப்படிச் செய்கிறார்கள்: பலகை சுருங்கினால் மரம் கீறுவதற்குள் ஒட்டு விட்டுக்கொடுக்கும். மாதம் ஒருமுறை விரல் முட்டியால் விளிம்பைச் சுற்றிலும் மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் சத்தம் மாறி ‘சடசட’ என்று கேட்டால் அங்கே ஒட்டு விட்டிருக்கிறது. இது மலிவான ரிப்பேர். அதில் நீங்களே ஃபெவிகாலோ சூப்பர் குளுவோ விட்டால் விலை உயர்ந்த ரிப்பேராகிவிடும், அடுத்த முறை மரம்தான் கீறும். இதே பசை வெப்பத்திலும் ஈரத்திலும் இளகும் என்பதால், வெயிலில் நிறுத்திய காருக்குள் வயலினை விடவே கூடாது. மூடிய கார் 60 டிகிரியைத் தொடும்.

வயலின் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் 100 கிராம் போதும். மணி நிறம் மாறும் வகையை வாங்குங்கள். ஆரஞ்சிலிருந்து பச்சையாகும் வகை நல்லது, நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும் வகையில் உள்ள கோபால்ட் உப்பு நச்சு. நிறம் மாறியதும் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி உயிர் வரும். மெல்லிய துணிப்பையில் கட்டி, மரத்தில் நேரே படாமல் வையுங்கள். இதைவிட எளிது, இரு பக்கமும் வேலை செய்யும் பொட்டலங்கள். போவேடா 49 போன்றவை. ஈரம் அதிகமானால் உறிஞ்சும், குறைந்தால் விடும். ஆனால் அவையும் பெட்டி இறுக்கமாக மூடினால்தான் வேலை செய்யும். ஐப்பசியில் வாத்தியத்தின் துணி உறைக்குள் வைத்தால் இரண்டே வாரத்தில் குடித்து உப்பி ஓய்ந்துவிடும். பச்சரிசியை முடிந்து போடுவோர் உண்டு. அரிசி குடிக்கும் ஈரம் மிகக் குறைவு, அழைத்து வரும் வண்டு அதிகம்.

வீணைக்கு ஜெல் ஏன் பயனில்லை என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீணைப் பெட்டிக்குள் 150 லிட்டர் காற்று இருந்தால், மழைநாளில் அதில் உள்ள நீராவி நான்கு கிராம்கூட இல்லை. ஆனால் ஏழு கிலோ மரம் 16 சதவீதத்திலிருந்து 9க்கு வர வேண்டும் என்றால் அரை லிட்டர் தண்ணீர் வெளியேற வேண்டும். 100 கிராம் ஜெல் முழு மூச்சாகக் குடித்தாலும் முப்பது கிராம்தான். மீதி? பெட்டியும் உறையும் மரமும் சேர்ந்து உடனே திரும்ப நிரப்பிவிடும். அறையைச் சரிசெய்யாமல் வீணையைச் சரிசெய்ய முடியாது என்பதன் பொருள் இதுதான்.

நல்ல பக்கமும் இதிலேயே இருக்கிறது. அவ்வளவு மரம் இருப்பதால் ஓரிரு நாள் மழை வீணையை ஒன்றும் செய்யாது. பாதிக்கப்படுவது உறையும், தந்தியும், பிரடையும். உறையில் பூஞ்சை வந்தால் உறையைத் துவைத்து வெயிலில் காய வையுங்கள். வீணையை அல்ல, அதை நேர்வெயிலில் வைக்கவே கூடாது. வீணையில் படிந்த பூஞ்சையை வெளி வராந்தாவில், மூக்கை மூடிக்கொண்டு, மென்மையான உலர்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் விதை தூவியது மாதிரி. யாளி முகத்தின் செதுக்கல்களிலும், மெழுகுக் கரையிலும், குதிரைக்கு அடியிலும் தங்கும். பழைய பல் துலக்கும் பிரஷ் உதவும். பிளாஸ்டிக் உறை போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். ஈரத்தோடு இருக்கிற வாத்தியத்தைப் பிளாஸ்டிக்கில் சுற்றுவது ஈரத்தைப் பூட்டிவைப்பது. பருத்தித் துணியோ பட்டோ போதும்.

தந்திகளை வாசித்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள், அடிப்பக்கமும் சேர்த்து. விரலுக்குத் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்வது வழக்கம்தான்; தந்தியில் மெல்லிய படலமாக இருந்தால் துரு தடுக்கும். வழிந்து மெட்டுக்கடியில் இறங்கினால் மெழுகில் தூசி ஒட்டும், மழையில் அங்கேதான் பூஞ்சை பிடிக்கும். பூச்சிக்காக நாப்தலீன் உருண்டை போடுபவர்கள் உருண்டை மெருகிலோ பிளாஸ்டிக் பாகத்திலோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிசுபிசுக்க வைக்கும். மரத்திலிருந்து கோதுமை மாவு போலத் தூள் உதிர்ந்தால் அது பூஞ்சையில்லை, உளு என்னும் மரம் துளைக்கும் பூச்சி. உடனே மற்ற வாத்தியங்களிலிருந்து பிரித்து, செய்பவரிடம் கொண்டுபோங்கள்.

அலமாரிக்குள் சின்ன பல்பு எரியவிடும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அதில் அறிவு இருக்கிறது: தண்ணீரை எடுக்காமலே, 30 டிகிரிக் காற்றை 35க்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 80லிருந்து சுமார் 60க்கு இறங்கிவிடும். இன்றைய எல்இடி பல்பில் அந்தச் சூடு கிடைக்காது என்பது வேறு விஷயம். வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் இது பரவாயில்லை. வீணைக்கு வேண்டாம், காரணம் மேளம்.

வீணையின் 24 மெட்டும் நிற்பது தேன்மெழுகில், கரித்தூள் சேர்த்துக் கறுப்பாக்கியது. தேன்மெழுகு 62, 64 டிகிரியில் உருகும், ஆனால் 35ஐத் தாண்டினாலே இளகத் தொடங்கும். ஈரம் அதை ஒன்றும் செய்யாது. சித்திரை, வைகாசியில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில், தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிக்கப் பிடிக்க, இளகிய மெழுகில் மெட்டு தினமும் இம்மியளவு நகர்கிறது. மழைக்காலத்தில் சுருதி சேர்க்கச் சிரமப்படும்போதுதான் நமக்கு அது தெரியவருகிறது. பழி மழைமேல் விழுகிறது.

விலகியது மேளமா, வேறா என்று நீங்களே பார்க்கலாம். சாரணியை (முதல் தந்தி) திறந்த நிலையில் ஷட்ஜத்துக்குச் சேருங்கள். 12ஆம் மெட்டில் மேல் ஷட்ஜம் சரியாக வர வேண்டும். 24ஆம் மெட்டில் அதற்கும் மேல் ஷட்ஜம். இரண்டும் ஒரே பக்கம் பிசகினால் மெட்டைத் தொடாதீர்கள், முதலில் குதிரை நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 12ம் 24ம் சரியாக இருந்து நடுவில் ஓரிரண்டு மட்டும் பிசகினால், அந்த மெட்டுகளின் மெழுகுதான் நகர்ந்திருக்கிறது. விரலால் லேசாக அசைத்தால் ஆடுகிறதா, மெழுகுக்கும் பித்தளைக்கும் நடுவே மயிரிழைக் கோடு தெரிகிறதா பாருங்கள். எல்லா மெட்டும் சரியாகப் பேசி, தந்தி மட்டும் முன்பைவிட உயரமாகத் தெரிந்தால் தண்டி (வீணையின் நீண்ட கழுத்து) வளைந்திருக்கலாம், அல்லது மேல் பலகை உப்பியிருக்கலாம். தண்டியும் குடமும் சேரும் ஒட்டில் நகம் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரே மரத்தில் குடைந்த ஏகாந்த வீணைக்கு இந்த ஒட்டு இல்லை. அதற்காக அது கீறாது என்று நினைக்க வேண்டாம், குடத்தின் முதுகில் நார் ஓடும் திசையிலேயே கீறும். மேளத்தை நீங்களே சூடு காட்டித் திருத்துவதை மட்டும் செய்யாதீர்கள். ஒன்றைத் திருத்தினால் பக்கத்தில் உள்ளது இளகும்.

மிருதங்கம் வேறு ஜாதி. பலாக்கட்டை அசையாது, பேசுவது தோல். தோல் ஈரம் குடித்தால் நீளும், சுருதி இறங்கும். காய்ந்தால் இறுகி ஏறும். வார்களும் தோல்தான், அவையும் சேர்ந்து தளரும். மழைநாளில் எல்லோரும் செய்யும் தவறு, இறங்கிய சுருதியை மூட்டின்மேல், அதாவது தோல் விளிம்புப் பின்னலின்மேல், கல்லும் கட்டையும் வைத்து அடித்து ஏற்றிவிடுவது. ஈரத் தோல் இழுத்த இழுப்புக்கு வரும். பிறகு அரங்கத்தின் ஏசியில் ஒரு மணி நேரத்தில் அதே தோல் காய்ந்து, நீங்கள் ஏற்றியதற்கும் மேலாக ஏறும். ஓரத்தில் தோல் கிழிவதும், கரணையில் (தோல் நடுவிலுள்ள கறுப்பு வட்டம்) கீறல் விழுந்து சில்லாகப் பெயர்வதும் அப்படித்தான். கரணை கல்தூளையும் சோற்றுப் பசையையும் அரைத்து, அடுக்கு அடுக்காகத் தேய்த்து ஏற்றியது; கீழே தோல் திடீரென்று சுருங்கினால் அது கூடச் சுருங்காது.

எனவே வீட்டில் சாதகம் செய்ய சுருதியில் அரைக் கட்டை (கட்டை என்பது சுருதி அளவு) இறங்கியே வாசியுங்கள், குற்றமில்லை. கச்சேரி என்றால் வாத்தியத்தை முதலில் உலர்த்துங்கள், பிறகு சுருதி சேருங்கள். ஏசியை ‘டிரை’ நிலையில் 26இல் வைத்து, உறையைக் கழற்றி, காற்று நேரே படாமல் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் தோல் தானாகவே ஏறும். மீதி உள்ளதை மட்டும் அடித்து ஏற்றுங்கள், சுற்றிலும் எதிரெதிராக, சமமாக. அரங்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்த் திறந்து வைத்துவிட்டால் அங்குள்ள காற்றுக்குப் பழகிவிடும். கச்சேரி முடிந்ததும் மூட்டைக் கீழிருந்து மேலாகத் தட்டிக் கொஞ்சம் தளர்த்துங்கள். அடுப்பிலோ ஹீட்டரிலோ காட்டாதீர்கள். தோல் காய்வதற்கு முன் வெந்துவிடும்.

தொப்பியில் (மிருதங்கத்தின் இடப்பக்கம்) ஒட்டும் ரவையை வாசித்ததும் சுரண்டி எடுத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். மழைக்காலத்தில் விட்டுவைத்த ரவை ஒரே ராத்திரியில் புளிக்கும். எறும்பு, கரப்பான், எலி மூன்றுக்கும் விருந்து. தோலையும் சேர்த்துத் தின்னும். படுக்க வைப்பதைவிட, தொப்பி கீழே படாதபடி வளையத்தில் நிறுத்துவது நல்லது. நட் போல்ட் வைத்த மிருதங்கத்துக்கும் தோல் பற்றிச் சொன்னதெல்லாம் பொருந்தும். சேர்ப்பது எளிது, அதனால் அளவுக்கு மீறி ஏற்றுவதும் எளிது. திருகாணிகளில் துரு ஏறாமல் துளி எண்ணெய் விடுங்கள், தோலில் படாமல்.

மற்றவை சுருக்கமாக. புல்லாங்குழலுக்கு மழையைவிட ஏசிதான் எதிரி. வாசிக்கும்போது உள்பக்கம் ஈரம், வெளியே வறண்ட காற்று. மூங்கில் நீளவாட்டில் பிளக்கும். வாசித்ததும் உள்ளே துணி விட்டுத் துடைத்து, மூடியுள்ள குழாயில் போடுங்கள். இரண்டு முனையிலும் நூல் கட்டியிருப்பது அழகுக்கு இல்லை, அவிழ்ந்தால் திரும்பக் கட்டுங்கள். நாகஸ்வரத்தின் ஆச்சா மரம், பழைய வீடுகளில் தூணாகவும் உத்தரமாகவும் பல பத்தாண்டுகள் நின்று அடங்கியதாகத் தேடி எடுப்பது. அது எளிதில் அசையாது. கவனம் சீவாளிக்கு, அதாவது ஊதும் நாணலுக்கு. ஈரத்தோடு டப்பாவில் மூடினால் பூஞ்சை, காற்றில் உலர்ந்த பிறகே மூட வேண்டும். சுருதிப் பெட்டியிலும் ஹார்மோனியத்திலும் ஈரம் தெரிவது துருத்தித் தோலிலும், திறக்காமல் ஒட்டிக்கொள்ளும் வால்விலும். வாரம் ஒருமுறை பத்து நிமிஷம் வாசிப்பதே அதற்கு நல்ல பராமரிப்பு.

சிகாகோவுக்கு வருவோம். ஜனவரியில் வெளியே மைனஸ் 10 டிகிரி சாதாரணம். அந்தக் குளிரில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கும் நீராவி இரண்டு கிராமைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அதே காற்றை வீட்டுக்குள் கொண்டுவந்து 22 டிகிரிக்குச் சூடாக்கினால், அது 19 கிராம் வரை தாங்கக்கூடிய காற்றாகிவிடுகிறது, இருப்பதோ இரண்டு. ஈரப்பதம் 10, 12 சதவீதம். குளியல், சமையல், மனிதர் மூச்சு எல்லாம் சேர்ந்தாலும் 20, 25தான் வரும். ஆவணி முதல் மார்கழி வரை 75இல் இருந்த மரம் அங்கே போய்த் திறந்த மாத்திரத்தில் காயத் தொடங்கும்.

கிளம்புவதற்கு முன்பே தயார் செய்யுங்கள். கடைசி ஒரு மாதமாவது வீணையை 50, 55 சதவீதத்தில் நிற்கும் அறையில் வைத்தால் பாதித் தூரம் இங்கேயே கடந்துவிடும். பயணத்துக்குத் தந்திகளை ஒன்றரை, இரண்டு கட்டை இறக்குங்கள். முற்றிலும் தளர்த்தாதீர்கள், குதிரை இடம் பெயரும். குதிரையின் இடத்தை மேல் பலகையில் பென்சிலால் மெல்லக் குறித்துக்கொள்ளுங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். குதிரைக்கும் தண்டிக்கும் அடியில் மென்மையான துணி மடித்து வையுங்கள். சுரைக்குடுக்கையைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். குளிரில் மெழுகு இளகாது, கண்ணாடி மாதிரி விறைக்கும். அந்த நிலையில் பெட்டி ஒருமுறை கீழே விழுந்தால் மெட்டுகள் மெழுகோடு தெறித்துக் கழன்றுவிடும். அதனால் மேளத்தின்மேல் நீளவாட்டில் ஒரு தடித்த துணியைப் போட்டு, நாடாவால் மிதமாகக் கட்டுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் பெட்டியைத் திறக்கும் ஆசையை ஒரு நாள் முழுக்க அடக்குங்கள். மூடிய பெட்டி அறை வெப்பத்துக்கு மெதுவாக வரட்டும். அதற்குள் அறையில் ஹியூமிடிஃபையர் (காற்றுக்கு ஈரம் ஊட்டும் கருவி) ஓட வேண்டும், அதாவது வீணை வருமுன் அது வாங்கப்பட்டிருக்க வேண்டும். 12க்கு 12 அடி அறைக்கு நான்கைந்து லிட்டர் தொட்டி, ஈரத்திரி வழியாகக் காற்றை இழுத்து ஆவியாக்கும் வகை நல்லது. பனிப்புகை மாதிரி விடும் அல்ட்ராசோனிக் வகையில் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உப்பு வெண்தூளாக எல்லாவற்றின்மேலும் படியும். அதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் வேண்டும். இலக்கு 40 சதவீதம். 50க்கு ஆசைப்பட்டால் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்து சுவரில் பூஞ்சை வரும். வீணை இருக்கும் அறைக் கதவை மூடியே வையுங்கள், சூடான காற்று வரும் தரைத் துவாரத்திலிருந்து குறைந்தது ஆறடி தள்ளி வையுங்கள். முடிந்தால் அந்தத் துவாரத்தையே மூடிவிடுங்கள். வெளிச்சுவர் பக்கமும் வேண்டாம்.

வாசிக்காத நேரத்தில் பெட்டிக்குள். பெட்டியில் துளையிட்ட இரண்டு சோப்பு டப்பாக்களில் ஸ்பாஞ்சை நனைத்து, சொட்டாத அளவு பிழிந்து, ஒன்றைக் குடத்தின் பக்கமும் ஒன்றைத் தண்டியின் நடுவிலும் வையுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்து நனையுங்கள். மரத்துக்கு நேரடியாக எண்ணெய் பூசி ‘ஈரம் கொடுப்பது’ பயனற்றது. எண்ணெய் தண்ணீரல்ல, மரம் சுருங்குவதைத் தடுக்காது.

முதல் ஆறு வாரம் பழகும் காலம். பிரடைகள் சுருங்கி வழுக்கும். திருகும்போது உள்நோக்கி அழுத்திக்கொண்டே திருகுங்கள், சாக்பீஸ் போடுங்கள். முழுச் சுருதிக்கு ஒரே நாளில் ஏற்றாமல் வாரத்துக்கு அரைக் கட்டையாக ஏற்றுங்கள். வாரம் ஒருமுறை குடத்தின் முதுகு, தண்டி சேரும் ஒட்டு, மேல் பலகை விளிம்பு மூன்றையும் டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கீறல் கண்ணில் பட்டால் தந்திகளை இரண்டு கட்டை இறக்கி, இரண்டு முனையிலும் பென்சிலால் குறுக்கே கோடு போட்டு, தேதி எழுதுங்கள். எதையும் நிரப்பவோ ஒட்டவோ வேண்டாம். ஈரப்பதத்தை 40, 45க்குக் கொண்டுவந்து இரண்டு வாரம் நிறுத்தினால் பல கீறல்கள் தாமாகவே மூடிக்கொள்ளும். மூடிய பிறகு ஒட்டுவதுதான் சரியான ஒட்டு. கோட்டைத் தாண்டி நீண்டுகொண்டே போனால் தந்திகளை இன்னும் தளர்த்திப் பெட்டியில் வைத்துவிட்டு, தஞ்சாவூரில் அதைச் செய்தவருக்குப் படத்தோடு அளவையும் அனுப்புங்கள்.